மூன்றாம் மாடிக் கட்டில்

1947 ஜனவரி 2

தகரத்தில் சறுக்கியதில் இடது காலுறை முட்டியிலிருந்து கணுக்கால் வரை கிழிந்துவிட்டது. உள்ளே தோலும் கிழிந்தது. தோல் தானாக ஒட்டிக்கொள்ளும், காலுறை ஒட்டுமா என்று கேட்டு அம்மா தலையில் ஒன்று வைத்தாள். ஆனால் என்ன சறுக்கு அது. இடிபாட்டு மேட்டின் உச்சியில் உட்கார்ந்து கண்ணை மூடினால், திறக்கும்போது தண்ணீர்க் குழாயடியில் இருக்கிறோம். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. என் கூட்டாளி அனியெல்லோ பாதி வழியில் தகரத்தை விட்டுவிட்டான். தகரம் முதலில் வந்தது, அவன் பிறகு வந்தான். பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு.

வனத்து அந்தோணியார் திருநாள் பதினேழாம் தேதி. அன்றைக்குச் சந்துக்குச் சந்து சொக்கப்பனை எரியும். போர்க் காலத்தில் விளக்கே ஏற்றக்கூடாது என்றார்கள், அதனால் நெருப்பும் இல்லாமல் போனது. போன வருடம்தான் மறுபடி எரித்தோம், மூக்கறுபட்டோம். எங்கள் பொத்தான் சந்து நெருப்பு முதல் மாடியைத் தொடுவதற்குள் அணைந்துவிட்டது. பக்கத்துக் கயிற்றுச் சந்துக்காரர்கள் நெருப்பில் இரண்டாம் மாடித் துணியெல்லாம் கருகிற்று. அவர்கள் தலைவன் கத்தெல்லோ வருடம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தீப்பெட்டி வேணுமா" என்று கேட்டான்.

இந்த வருடம் கேட்க மாட்டான். குண்டுக்கு ஒளிந்துகொண்டிருந்த நிலவறையில் எரிக்க ஐந்து நாற்காலி, ஆறு கதவு, ஒரு தொட்டில் சேர்த்துவிட்டோம்.

ஜனவரி 4

சபத்தீனோதான் எங்கள் தலைவன். பதின்மூன்று வயது. முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது, அது வழியாகத் துப்பினால் எதிர்ச் சுவர் வரை போகும். இன்று எல்லோரையும் கூட்டி வைத்து, அண்ணாந்து பார்க்கச் சொன்னான்.

தினமும் பார்ப்பதுதான். எங்கள் சந்துக்கும் கயிற்றுச் சந்துக்கும் நடுவில் நிற்கும் அந்த ஐந்து மாடி வீட்டுக்கு எங்கள் பக்கச் சுவர் இல்லை. குண்டு அதை மட்டும் உரித்துக்கொண்டு போய்விட்டது. படிக்கட்டும் இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை மட்டும் அலமாரித் தட்டில் வைத்தது மாதிரி அப்படியே இருக்கிறது: பித்தளைக் குமிழ் வைத்த கட்டில், கீழே இழுபடும் பழுப்புப் படுக்கை விரிப்பு, பக்கத்தில் மூத்திரச் சட்டி, அப்புறம் ஒரு துணி அலமாரி. வாதுமை மரம். மூன்று கதவு. அனியெல்லோ வீடு முழுவதையும் அதற்குள் குடிவைக்கலாம்.

"அது விழுந்து எரிஞ்சா நெருப்பு நாலாவது மாடி போகும்டா" என்றான் சபத்தீனோ.

"அது டோனா எர்சிலியாவோடது" என்றேன். குண்டு விழும்வரை அந்த அறையில் குடியிருந்தவர் அவர்தான்.

"தரையில விழுந்தா அந்தோணியாரோடது."

சட்டம் அதுதான். திருநாள் வாரத்தில் சந்தில் விழுந்த மரத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. பாதிரியாரே தன் முக்காலியைக் கேட்கவில்லை.

ஜனவரி 6

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நல்ல பிள்ளைக்குப் பழமும் கெட்ட பிள்ளைக்குக் கரியும் வைக்கும் சூனியக்காரக் கிழவி நேற்று ராத்திரி வந்து போனாள். எனக்கு ஓர் ஆரஞ்சு, மூன்று கரி. கரி அம்மா அடுப்புக்குப் போய்விட்டது. எல்லோர் வீட்டுக் கிழவியும் இப்படித்தானா?

ஜனவரி 8

பாவிகள். நாசமாப் போறவனுங்க. நாலு கதவு போச்சு. நிலவறைக்குப் பின்னால் ஓட்டை இருக்கென்று எங்களுக்கே தெரியாது, கத்தெல்லோவுக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதியம் கல்லெறிச் சண்டை. என் புருவத்துக்கு மேலே ஒரு வீக்கம், அழகாக இருக்கிறது. கத்தெல்லோவின் தொப்பியை நான் தட்டிவிட்டேன். அதை இன்னும் இரண்டு முறை எழுதலாம் போல இருக்கிறது. கத்தெல்லோவின் தொப்பியை நான் தட்டிவிட்டேன்.

இனி வழி ஒன்றுதான், அலமாரி. இடிந்த அறைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், டோனா எர்சிலியாவின் தங்கை வீட்டு பால்கனி இருக்கிறது. நடுவில் சந்து மட்டும். கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்க ஏறும் ஏணியைப் படுக்க வைத்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எட்டும். வீட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும் என்று சொல்லிச் சபத்தீனோ அதை வாங்கி வந்துவிட்டான்.

ஆனால் அந்த அறையின் தரை எவ்வளவு தாங்கும்? யாருக்கும் தெரியாது. எடை குறைந்த ஆள்தான் போகவேண்டும். கரிக்கடைத் தராசில் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தோம். என் தட்டு மேலே போய் நின்றது.

"தெள்ளுப்பூச்சி, நீதான்" என்றான் சபத்தீனோ.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. உடனே, இன்னொரு பக்கம், எழும்பிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றனவோ.

ஜனவரி 9

டோனா எர்சிலியாவிடம் கேட்கப் போனோம். பால்கனி வேண்டுமே. அந்தப் பால்கனிக் கதவை அவர் திறந்து நான் பார்த்ததே இல்லை. சந்திலேயே பெரிய சுத்தக்காரி. படியைக் கழுவினால் அதில் ஏறுகிறவன் செருப்பையும் கழுவச் சொல்வார். இப்போது தங்கை, தங்கை கணவர், அவர்களுடைய ஐந்து பிள்ளைகளோடு ஒரே அறையில் இருக்கிறார். இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத்தான் தூக்கம். நகராட்சியில் போய் வீடு கேட்டால், "உங்களுக்குத்தான் தங்கச்சி வீட்டுக் கூரை இருக்கே" என்று அனுப்பிவிடுகிறார்களாம்.

சபத்தீனோ பவ்வியமாகத் தொப்பியைக் கழற்றி விஷயத்தைச் சொன்னான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"நீயா போற?"

"ஆமாம் டோனா."

"அலமாரி எனக்கு வேண்டாம். எரிங்க. ஆனா போனதும் முதல்ல படுக்கையை விரிக்கணும்."

புரியவில்லை. எந்தப் படுக்கையை என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஒரு நாள்தாண்டி. காலையில சங்கு ஊதுனதும் போட்டது போட்டபடி ஓடினேன். என் ஆயுசுலயே அந்த ஒரு நாள்தான் படுக்கையைச் சரி பண்ணாம வெளிய போனது. திரும்பி வந்தா செவரு இல்ல. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, என் மானம் மூணாவது மாடியில தொங்குது. பால்காரன் பாக்கறான். நற்கருணைப் பவனியில பாதிரியார் பாக்கறாரு. 'எர்சிலியா பெரிய சுத்தக்காரின்னு பீத்திக்குவா, அவ கட்டிலைப் பாரு'ன்னு இந்தக் கீழ்வீட்டுக்காரி சொன்னதை என் காதால கேட்டேன்."

கீழ்வீட்டுக்காரி என் அம்மா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அந்தக் கதவு திறப்பதில்லை. திறந்தால் எதிரில் தெரிவது அவருடைய கட்டில்.

"அந்தச் சட்டியையும் கொண்டுவந்துடு" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

ஜனவரி 11

பயிற்சி. இரண்டு இடிபாட்டு மேட்டுக்கு நடுவில் ஏணியைப் போட்டு முன்னும் பின்னும் தவழ்கிறேன். அது எளிது. கஷ்டம் என்னவென்றால் டோனா எர்சிலியாவின் படுக்கைப் பாடம். தங்கை வீட்டுக் கட்டிலில் என்னை எட்டு முறை விரிக்க வைத்தார். மூலையைக் கடித உறைபோல மடித்துச் செருகவேண்டும், தலைமாட்டில் ஒரு சாண் திருப்பிப் போடவேண்டும், நடுவில் கையால் தேய்த்துவிட வேண்டும். "இது படுக்கையா, மூட்டையா?" என்று உருவிப் போடுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகாமல் இருக்க எங்கள் கட்டிலையும் விரித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

ஜனவரி 13

மழை. மழை. மழை. ஏணியை அனியெல்லோ கட்டிலுக்கு அடியில் ஒளித்திருக்கிறோம், பாதி வெளியில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 15

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றுகூட விட்டுப்போகக்கூடாது.

பள்ளி விட்டதும் போனோம். டோனா எர்சிலியா தானே பால்கனிக் கதவைத் தள்ளித் திறந்தார். கீல் துருப்பிடித்து அலறியது, சந்தே நிமிர்ந்து பார்த்தது. காய்க்கூடை இறக்கும் கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றிச் சபத்தீனோ பிடித்துக்கொண்டான். முதுகில் ஒரு மூட்டை. அதற்குள் அவருடைய கல்யாணச் சீர் விரிப்பு, ஓரமெல்லாம் பூவேலை, அதற்கு மேலே போட ஒரு மஞ்சள் போர்வை.

"இவ்வளவு நல்லதை அங்கயே விட்டுட்டு வரணுமா டோனா?"

"பின்ன எதுக்குடி இருக்கு அது?"

ஏணியில் தவழ்ந்தேன். கீழே பார்க்காதே என்றான் சபத்தீனோ. சொல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேன். படிகளுக்கு நடுவில் துண்டு துண்டாகச் சந்து தெரிந்தது: ஒரு கட்டத்தில் பூக்கோசு வண்டி, அடுத்ததில் ஒரு வழுக்கைத் தலை, அடுத்ததில் வாளியோடு என் அம்மா.

அம்மா கத்தவில்லை. கத்தினால் நான் விழுந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். வாளியை மெதுவாகக் கீழே வைத்து, சிலுவை போட்டாள். சந்து முழுக்க அப்படி ஓர் அமைதி. குண்டு விமானம் போனபிறகுகூட அப்படி இருந்ததில்லை.

போய்ச் சேர்ந்தேன். தரை காலடியில் கொஞ்சம் அமுங்கியது, ஆனால் நின்றது. நான் மூன்றாம் மாடியில், சுவரில்லாத வீட்டில், ஊர் பார்க்க நிற்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில் இல்லை. இந்த உலகத்தில் என்னைவிட உயரத்தில் யாருமே இல்லை என்று தோன்றியது. மெத்தையைத் தட்டினேன். அதற்குள் குடியிருந்த இரண்டு புறா என் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தன. பழைய விரிப்பை உருவினால் கையோடு கிழிந்து வந்தது. புதியதை உதறினேன், கொடி மாதிரி சந்துக்கு மேலே பறந்தது. கீழே யாரோ கைதட்டினார்கள்.

அப்புறம்தான் பெண்களுக்கு வாய் திறந்தது.

"இடது பக்கம் தொங்குது பாரு."

"சுருக்கம் இருக்குடி, தேய்ச்சு விடு."

இது யார் என்று பார்த்தால் என் அம்மா. "தலைமாட்டைத் திருப்பிப் போடுடி எருமை, வீட்டுல அன்னிக்கு நல்லாத்தானே போட்ட?"

அந்த நேரத்தில் பின்சுவர் ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. கத்தெல்லோ. கயிற்றுச் சந்துப் பக்கமாகத் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஏறி வந்திருக்கிறான்.

"அலமாரி எங்களுது. செவரு எங்க பக்கம் இருக்கு" என்றான். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் டங் டங் என்று சத்தம். அவன் முகம் விரிப்பைவிட வெளுத்துப்போனது. ஏறி வந்த குழாய் சுவரிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. ஜன்னல் விளிம்பில் அவன் விரல் மட்டும் இருந்தது.

என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்யவில்லை. ஓடிப்போய் அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது, காலர் நின்றது. உள்ளே வந்து விழுந்தான். தரை முனகியது, நீளமாக, வயிறு வலிக்கிற ஆள் மாதிரி. நாங்கள் இருவரும் அசையாமல் படுத்திருந்தோம். சுவரோரம் ஒரு விரிசல் ஓடிப்போய் நின்றது.

"நுன்சியா" என்றான். என்னைப் பேர் சொல்லி அவன் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "நான் எப்படிப் போறது?"

"ஏணியிலதான். எங்க ஏணி. ஆனா சும்மா விடமாட்டேன். அந்த முனையைப் பிடி."

பிடித்தான். கயிற்றுச் சந்துத் தலைவன் எங்கள் சந்து பார்க்க மண்டியிட்டு, மூலையை மடித்துச் செருகினான். உறைபோல வரவில்லை. எதிர் பால்கனியிலிருந்து டோனா எர்சிலியா, "இன்னொரு தடவை" என்றார். மறுபடி செருகினான். மஞ்சள் போர்வையைப் போட்டோம். நடுவில் கையால் தேய்த்துவிட்டேன். இடிந்துபோன எங்கள் சந்தில் எல்லாமே கோணல். அந்த ஒரு கட்டில் மட்டும் நேராக இருந்தது. டோனா எர்சிலியா கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு அலமாரி. சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, கால்களால் இருவரும் உதைத்தோம். சபத்தீனோ கீழே எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்தினான். வழுக்கிக்கொண்டே போய், விளிம்பில் ஒரு நொடி யோசித்து, கவிழ்ந்தது. வருகிற சத்தத்துக்குக் காதைப் பொத்தத் தோன்றவில்லை. தரையின் ஓரத்திலிருந்து ஒரு கை அகலம் அதோடு சேர்ந்து உடைந்து போனது. கட்டில் இம்மியும் நகரவில்லை. அலமாரி பொத்தான் சந்தின் நடுவில் சுள்ளி சுள்ளியாகக் கிடந்தது. அந்தோணியாருக்கு ஆயிற்று.

"நீ முதல்ல போ" என்று கத்தெல்லோ இடுப்பில் கயிற்றை மாற்றிக் கட்டினேன். "வெறுங்கையோட போகக்கூடாது. அதை எடுத்துக்க."

எதை என்று பார்த்தான். பிறகு புரிந்தது. ஆனால் வேறு வழி? மூத்திரச் சட்டியின் காதைப் பல்லில் கவ்விக்கொண்டு கத்தெல்லோ ஏணியில் தவழ்ந்தான். எங்கள் சந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பூக்கோசுக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பி வந்ததும் அம்மா மேலே வந்தாள். முதல் அறை எனக்கு, இரண்டாவது சபத்தீனோவுக்கு, மூன்றாவது கத்தெல்லோவுக்கு, சந்து பேதம் பார்க்காமல். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மறுபடி அறைந்தாள்.

ஜனவரி 16

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

ஜனவரி 17

வெளியே விடமாட்டேன் என்ற அம்மா, நெருப்பு பற்றியதும் தானே என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வாதுமை மரம் எப்படி எரியும் என்று நான் இனிமேல் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. மூன்றாம் மாடியைத் தாண்டியது. கட்டிலின் பித்தளைக் குமிழ் நாலும் பளபளத்தன. சபத்தீனோ துப்பித் துப்பி ஆடினான். கத்தெல்லோ ஆட்களோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாதி வெற்றி எங்களுது. ஒரு மூலை நான்தான் செருகினேன்" என்றான். அவனுக்கு ஒரு சுட்ட கிழங்கு கொடுத்தேன். தீப்பெட்டி பற்றி அவன் எதுவும் பேசவில்லை.

அம்மா டோனா எர்சிலியா பக்கத்தில் போய் நின்று, "நல்லா விரிஞ்சிருக்கு" என்றாள். அவர், "ம்" என்றார். அது போதும் போலிருக்கிறது, இரண்டு பேரும் ஒரே சால்வையில் நின்றார்கள்.

ஜனவரி 23

இன்று நடந்ததை யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். திங்கட்கிழமை அந்த வீட்டை இடித்துத் தள்ளப்போகிறார்களாம். ஒருவர் ஒல்லி, நீளக் கோட்டு. மேலே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு குடியிருக்கறது அங்க?"

யாரும் இல்லை என்று சொல்ல அனியெல்லோ வாயைத் திறந்தான். அம்மா அவன் காலை மிதித்தாள்.

"டோனா எர்சிலியா. வேற யாரு?"

"எப்படி ஏறுவாங்க?"

"ஏணி வெச்சு."

"முன்பக்கம் செவரே இல்லியேம்மா."

"வெயில் காலத்துல காத்து நல்லா வரும்."

"மழை பெஞ்சா?"

"கொஞ்சம் உள்ள தள்ளிப் படுத்துக்குவாங்க."

ஒல்லிக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. நேற்று ஒரு ரொட்டி அடுப்புக்குள் குடும்பமே இருந்ததாம், திரைச்சீலை கட்டி. "விரிச்சிருக்கறதைப் பாத்தா தினம் புழங்கற எடம்தான்" என்று மற்றவரிடம் சொன்னார். ஆள் குடியிருக்கிற வீட்டை இடிக்கவேண்டுமானால் முதலில் அந்த ஆளுக்கு வேறு இடம் கொடுக்கவேண்டுமாம். சட்டமாம். அவர்களிடமும் நல்ல சட்டம் இருக்கிறது.

அதற்குள் டோனா எர்சிலியா இறங்கி வந்துவிட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போச்சு, மறுபடி இரண்டு நாற்காலிதான்.

"அது உங்க எடமாம்மா?"

"என் வீடு ஐயா" என்றார். அதில் பொய் எங்கே இருக்கிறது?

"ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க."

அவ்வளவுதான். டோனா எர்சிலியா சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். வீட்டைவிட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து ஒல்லிக்காரர் அவருக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது! சந்தைக்குப் பின்னால், புதிதாகப் பூசிய கட்டடத்தில், தரைத்தளம், ஓர் அறை. தீயணைப்புக்காரர்கள் பெரிய ஏணியோடு வந்து கட்டிலை இறக்கிக் கொடுத்தார்கள். குமிழ் நாலும் இருக்கின்றன. பிறகு அந்த வீட்டை இடித்தார்கள். நாங்களும் கயிற்றுச் சந்துக்காரர்களும் புதிய மேட்டில் ஒன்றாகச் சறுக்கினோம், ஒரே தகரத்தில் ஆறு பேர். இப்போது இரண்டு சந்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வானம்தான்.

மார்ச் 19

சூசையப்பர் திருநாள். அம்மா பணியாரம் பொரித்து, டோனா எர்சிலியாவுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். போகும்போது முழங்காலைத் துடைத்து, நகத்தையும் பார்த்தாள். அவர் வீட்டுக்கு அழுக்காகப் போனால் மானம் போய்விடுமாம்.

மணி பத்துக்கு மேல். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார். இராக்கவுன், பின்னாத தலை. உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோனேன். உள்ளே கட்டில், என்னால் நம்பவே முடியவில்லை, போட்டது போட்டபடி கிடந்தது. போர்வை பாதி தரையில். தலையணை ஒன்று கால்மாட்டில்.

"நான் விரிச்சுத் தரட்டுமா டோனா?"

"எதுக்குடி? யாரு பாக்கப்போறா?"

என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சின்னப் பெண் மாதிரி சிரித்தார். பிறகு இன்னொரு முறை திறந்து, இன்னொரு முறை பூட்டிக் காட்டினார். கசங்கிய படுக்கையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, விரிப்பெல்லாம் சர்க்கரை சிந்தச் சிந்தப் பணியாரம் முழுவதையும் நாங்கள் இருவரே தின்று தீர்த்தோம்.